ஊத்துற கை

மலைமேல ஒரு சுனை. அந்தச் சுனைக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் கையால அள்ளிக் குடிக்கக் கூடாது. பக்கத்துல நிக்கிறவங்க செம்புல மொண்டு ஊத்தணும், நீங்க கையேந்திக் குடிக்கணும். அப்புறம் அதே செம்பை வாங்கி நீங்க அவங்களுக்கு ஊத்தணும். ஆள் இல்லையா, ஆள் வர்ற வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான்.

யாரு ஆரம்பிச்சு வச்சதுன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது. ஆனா யாரும் மீறுனதில்ல.

சுனைக்கு மேல ஒரு ஓட்டுக் குடில். அதுல நாச்சியம்மா இருந்தாங்க. அவங்களுக்குச் சீடர் ஒரே ஒருத்தர், பொன்னுரங்கம். குருவுக்கு முப்பத்தஞ்சு வயசு, சீடருக்கு அம்பதைத் தாண்டியாச்சு. ஊர்க்காரங்க இதை வச்சே சிரிப்பாங்க. பொன்னுரங்கம் கண்டுக்க மாட்டார். முன்னாடி மில்லு கேட்டுல வாட்ச்மேனா இருந்தவரு. வேலைய விட்டுட்டு வந்தாரே ஒழிய, வாட்ச்மேன் புத்திய விட்டுட்டு வரல.

ரொம்ப வருஷமா சுனைக்கு ஆளே வராது. கீழ ஊர்லயே ஆள் இல்ல, பாதி வீடு பூட்டிக் கெடக்கும், எல்லாரும் திருப்பூர்ல. குருவும் சீடரும் ஒருத்தருக்கொருத்தர் ஊத்திக்கிட்டதுதான்.

அப்புறம் யாரோ ஒரு பய சுனைய வீடியோ எடுத்துப் போட்டான். அவ்வளவுதான். மறுவாரமே ஒரு வேன் வந்துச்சு, அதுக்கு அடுத்த வாரம் வேன் நிறுத்த எடமில்ல.

தார் ரோடு வந்துச்சு. அந்த ரோட்டுல, ஊருக்கு மொதத் தடவையா, ஆம்புலன்சும் வந்துச்சு. பொன்னுரங்கத்தோட தங்கச்சி பேச்சி அடிவாரத்துல பணியாரக் கடை போட்டா. அவ புருஷன் வீரணன் பனியன் கம்பெனிய விட்டுட்டு ஊருக்கே வந்து ஜீப் ஓட்ட ஆரம்பிச்சான். அப்பன் மூஞ்சிய போன்லயே பார்த்து வளர்ந்த பிள்ளைங்க இப்ப அவன் தோள்ல ஏறித் திரியுதுங்க.

சுனைக்கும் நெறைய வந்துச்சு. ஷாம்பு பாக்கெட் வந்துச்சு. பீர் பாட்டில் சில்லு வந்துச்சு. சாயங்காலம் ஆனா கத்துற தவளைங்க எங்க போச்சுன்னே தெரியல.

பொன்னுரங்கம் போர்டு எழுதி வச்சார். குளிக்கக் கூடாது. சோப்பு போடக் கூடாது. கத்தக் கூடாது. பாட்டில் கூடாது. வழி நெடுக கூடாதுதான். வந்தவங்க அந்த போர்டு மேல சாஞ்சுக்கிட்டு செல்ஃபி எடுத்தாங்க.

ஒருநாள் காலையில நாச்சியம்மா ஊத்த, பொன்னுரங்கம் ஒரு வாய் குடிச்சார். குடிச்சதைத் துப்பினார்.

"சோப்பு வாடை அடிக்குதும்மா."

"ஆமா."

"பாதையில இருக்கிற கம்பிக் கதவைப் பூட்டிருவோம்."

"ம்."

"பூட்டிரவா?"

"சாவி உங்கிட்டதானே இருக்கு."

"நீங்க சொல்லுங்கம்மா. இந்த ஜனங்க வர்றது நல்லதா கெட்டதா?"

நாச்சியம்மா செம்பைக் கவுத்து வச்சாங்க. மாத்துச் சேலைய எடுத்துப் பையில வச்சாங்க.

"பூட்டிப் பாரு. நான் பேச்சி வீட்ல இருக்கேன்."

அவங்க எறங்கிப் போனதும் பொன்னுரங்கம் கதவை இழுத்துச் சாத்தி, பெரிய பூட்டாப் போட்டார். ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார். மில்லு கேட்டைப் பூட்டுற மாதிரியே இருந்துச்சு. மனசுக்கு எதமா இருந்துச்சு.

அன்னைக்குச் சத்தமே இல்ல. சுனைத் தண்ணி அசையாம நின்னுச்சு. மெதந்துக்கிட்டு இருந்த குப்பையெல்லாம் கம்பால ஒதுக்கி எடுத்தார். மதியம் வரைக்கும் சொர்க்கமாத்தான் இருந்துச்சு.

மதியம் சாப்பிட உக்காந்தப்பதான் தண்ணி நெனப்பு வந்துச்சு. செம்பை எடுத்தார். பக்கத்துல யாரும் இல்ல.

சரி, யாராச்சும் வருவாங்கன்னு உக்காந்தார். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, பூட்டுனதே தான்தான்னு.

சாயங்காலம் வரைக்கும் வீம்பா உக்காந்திருந்தார். ராத்திரி நாக்கைச் சப்பிக்கிட்டே தூங்கினார்.

விடிஞ்சதும் கதவுக்கிட்ட பேச்சி குரல் கேட்டுச்சு. ஓடினார். அவ கம்பி இடுக்கு வழியா ஒரு தூக்குவாளிய நீட்டினா.

"பணியாரம். காரச் சட்னி."

"பேச்சி, ஒரு வாய் தண்ணி ஊத்திட்டுப் போ."

"எப்படிண்ணே ஊத்துறது? பூட்டிருக்கே."

"தெறக்கிறேன். நீ மட்டும் வா."

"எதுக்கு? ஊத்திட்டு வெளிய வந்ததும் திரும்பப் பூட்டவா?" அவ முந்தானைய இழுத்துச் சொருகினா. "ஒங்க மாப்பிள்ளை பையை எடுத்து வச்சாச்சு. திங்கக்கெழமை திருப்பூருக்குப் போறாராம். சின்னது நேத்துலருந்து அவர் கையையே விடல. தண்ணி என்னண்ணே, சுனையே ஒங்களுதுதான். நல்லா குடிங்க."

விறுவிறுன்னு எறங்கிப் போயிட்டா.

பசியில பணியாரத்தைத் தின்னார். சட்னிய வேணும்னே அரைச்சிருப்பா போல, கண்ணுல தண்ணி வந்துச்சு. வாயில வரல.

சுனைக்கிட்டப் போய் உக்காந்தார். தண்ணி கைக்கு எட்டுற தூரத்துல கெடக்கு. யாரு பார்க்கப் போறா? கைய முங்கவிட்டார். குளிர்ச்சி முழங்கை வரைக்கும் ஏறுச்சு. அள்ளினார். வாய்க்கிட்டக் கொண்டு போனார்.

அப்படியே விட்டுட்டார். தண்ணி விரல் இடுக்குல ஒழுகிப் போச்சு.

உச்சி வெயில் நேரத்துல யாரோ கதவைத் தட்டினாங்க.

வெளிய ஒரு அம்மா. அறுபது வயசு இருக்கும். கழுத்துல போன் தொங்குது, கையில ஒரு துணிப்பை. முட்டியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"ஏன் தம்பி, லீவா?"

"மூடியாச்சும்மா. போங்க."

"போறதா? ஜீப்பும் ஓடல, நடந்தே ஏறி வந்திருக்கேன். அம்பத்தூர்லருந்து வர்றேன். டெலிபோன் ஆபீஸ்ல முப்பது வருஷம், எல்லா ஊருக்கும் லைன் போட்டுக் குடுத்தேன், ஒரு ஊரைக்கூடப் பார்த்ததில்ல. இதுதான் மொத டூர். ரெஜினான்னு பேரு. இனிமே சாவியத் தேடுவியா, இல்ல என் ஜாதகத்தையும் சொல்லணுமா?"

பொன்னுரங்கத்துக்குத் தொண்டை ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்தம்மா பையில எட்டிப் பார்த்தார். துண்டுக்கு மேல ஒரு ஷாம்பு பாக்கெட்.

கோவம் வந்துச்சு. தாகம் அதைவிட அதிகமா இருந்துச்சு.

பூட்டைத் தெறந்தார்.

"குளிக்க விடுவீங்கல்ல? வீடியோல எல்லாரும் குளிக்கிறாங்க."

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்கம்மா." செம்பை நீட்டினார். "எனக்குத் தண்ணி ஊத்துங்க."

"கையில அடி கிடி பட்டிருச்சா?"

"இல்லம்மா. இங்க நாமளே அள்ளிக் குடிக்கக் கூடாது. கூட இருக்கிறவங்கதான் ஊத்தணும். நேத்துக் காலையில ஒரு வாய்தான், அதையும் துப்பிட்டேன்."

ரெஜினா அவரை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. அப்புறம் வலிக்கிற முட்டிய மடக்கிக் குனிஞ்சு, மொண்டு ஊத்தினாங்க. பொன்னுரங்கம் குடிச்சார், குடிச்சார், நிறுத்தவே இல்ல. சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு.

"மெதுவா. பொரை ஏறிக்கும்."

அப்புறம் செம்பை அவர் வாங்கினார். அந்தம்மா கையேந்தினாங்க. ஒரு வாய் குடிச்சிட்டு நிமிர்ந்தாங்க.

"எனக்கு யாருமே இப்படி ஊத்தித் தந்ததில்ல தம்பி. ஆஸ்பத்திரியில கூட ஸ்ட்ராதான் குடுத்தாங்க."

இன்னும் கொஞ்சம் குடிச்சாங்க. பாறையில உக்காந்தாங்க. ஷாம்பு பாக்கெட்டை எடுத்தாங்க. பொன்னுரங்கம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்.

அவங்க பாக்கெட்டைப் பார்த்தாங்க, தண்ணியப் பார்த்தாங்க, அவரோட நனைஞ்ச சட்டையப் பார்த்தாங்க.

"இந்தத் தண்ணியத்தானே உன் வாயில ஊத்துனேன். இதுலயா போய்த் தலைய அலசுறது." பாக்கெட்டைப் பைக்குள்ளயே போட்டாங்க. "மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"வழியெல்லாம் போர்டு வச்சிருக்கேனேம்மா."

"பார்த்தேன். போட்டோகூட எடுத்தேன். படிக்கல, கண்ணாடி பைக்குள்ள இருந்துச்சு. அதுல இந்த ஊத்துற விஷயம் இருக்கா?"

பொன்னுரங்கம் யோசிச்சுப் பார்த்தார். எல்லாம் எழுதியிருந்தார். அதை மட்டும் எழுதல.

சாயங்காலம் நாச்சியம்மா ஏறி வந்தாங்க. பின்னாடியே பேச்சி, இன்னும் மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு. கதவு தெறந்து கெடந்துச்சு. பாறையில ரெஜினா காலை நீட்டி உக்காந்து மிச்சப் பணியாரத்தைத் தின்னுக்கிட்டு இருந்தாங்க.

"இந்தச் சட்னிய யாருப்பா அரைச்சது? கொலை கேஸ்ல உள்ள போடணும்."

பேச்சி மொகத்தைத் திருப்பிக்கிட்டா. சிரிப்பை அடக்கத்தான்.

பொன்னுரங்கம் நடந்ததையெல்லாம் நாச்சியம்மாகிட்டச் சொன்னார். கைய முங்கவிட்டதையும் மறைக்கல.

"போர்டுல இதையும் எழுதிரவாம்மா?"

"போர்டா தண்ணி ஊத்தும்?"

"அப்ப நான் நிக்கணும்."

"நில்லு."

"வர்ற ஒவ்வொருத்தருக்கும் நானே ஊத்தி, அவங்களை எனக்கு ஊத்தச் சொல்லி..."

"வயிறு வெடிச்சிரும். அவங்களை அடுத்த ஆளுக்கு ஊத்தச் சொல்லு. மொதக் கை மட்டும் உன்னோடது."

பொன்னுரங்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வாட்ச்மேன் புத்தி அவ்வளவு சீக்கிரம் விடாது.

"ஞாயித்துக்கெழமைன்னா வேன் வேனா வருவாய்ங்கம்மா. எல்லாரும் கேப்பாய்ங்களா? நான் ஒருத்தன் எத்தன பேரைத்தான் பார்த்துக்கிறது?"

"உன் தங்கச்சிக்கு ரெண்டு கை இருக்கு. மாப்பிள்ளைக்கும் இருக்கு."

பேச்சி மெதுவா முன்னால வந்து நின்னா. "பைய எடுத்துப் பிரிக்கச் சொல்லவா?" அவ யாரைப் பார்த்துக் கேட்டான்னு தெரியல. யாரும் வேணாம்னு சொல்லல.

"சரிம்மா," பொன்னுரங்கம் விடல. "மூணு பேரும் நிக்கிறோம். விடிஞ்சதுலருந்து ஊத்துறோம். அதுக்கு மேலயும் வந்துக்கிட்டே இருந்தாய்ங்கன்னா?"

நாச்சியம்மா சுனை ஓரமாக் குனிஞ்சு, ரெண்டு கையையும் சேர்த்து நீட்டினாங்க. ரெஜினா செம்பை எடுத்து மொண்டு ஊத்தினாங்க. நாச்சியம்மா நிதானமாக் குடிச்சிட்டு, வாயத் தொடைச்சிட்டு, சீடர் பக்கம் திரும்பினாங்க.

"கை வலிக்கும்ல?"

"வலிக்கும்மா."

"வலிச்சதும் கதவைச் சாத்து. விடிஞ்சதும் தெற."