நீலத்திரை நிற்கட்டும்

ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீட்டில் மெய்யப்பர் இருந்தார். அவரிடம் பாடம் கேட்க வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஊர்க்காரர்கள் அந்த வீட்டைப் பற்றி ஒரு சேதியை வியந்து வியந்து சொல்வார்கள். அங்கே சண்டை என்பது ஒரு நிமிஷம்கூடத் தங்காதாம்.

உண்மைதான். யாருடைய குரலாவது உயர்ந்தால் மெய்யப்பர் ஒரு தரம் கை தட்டுவார். "முதலிலிருந்து" என்பார். உடனே எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூச்சு அடங்கியதும் கண்ணைத் திறந்து, அப்போதுதான் அறிமுகமானவர்கள் மாதிரி ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்ததை மறுபடி எடுக்கக் கூடாது.

செவ்வந்திக்கு அந்தக் கைதட்டலைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்து, பட்டத்தோடு கேள்விகளையும் சுமந்துகொண்டு வந்தவள் அவள். ஓராண்டு பாடம் கேட்டவர்கள், தாங்கள் எழுதியதைப் பௌர்ணமிச் சபையில் ஊருக்கு முன்னால் வாசிப்பது அந்த வீட்டு வழக்கம். வாசித்தவர்தான் பிறகு பாடம் சொல்லலாம். அவளுக்கு ஆண்டு முடிந்து நாளாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் வந்த ஆண்கள் வாசித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னார்கள். அவள் அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அந்த வீட்டில் எந்தப் பெண்ணும் வாசித்ததில்லை.

ஏன் என்று கேட்டாள். கேட்கும்போதெல்லாம் மூத்த சீடர் கோதண்டத்தின் குரல் உயரும். அவளுடையது இன்னும் உயரும். கை தட்டப்படும். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் மறுபடி வெங்காயம் உரிக்கப் போவாள்.

"இந்தப் பௌர்ணமியும் இல்லைன்னா கிளம்பிடுவேன்க்கா" என்றாள், கூடவே சமைக்கும் வசுமதியிடம்.

"எங்க போவே?"

"எங்கயோ. பதில் சொல்ற இடத்துக்கு."

"அப்படி ஒரு இடம் இருந்தா போனதும் எனக்கும் சொல்லு" என்றாள் வசுமதி. அந்த வீட்டுக்கு அவள் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் தகராறு பண்ண ஆரம்பித்தது.

கூடத்து மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அது. மெய்யப்பர் சொல்லும் பாடங்களைக் கோதண்டம் அதில்தான் தட்டி வைப்பார். பாதி வாக்கியத்தில் திரை பட்டென்று அணையும். நீலமாக ஏதோ மின்னி மறையும். மறுகணம் தானாக எழுந்துகொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மலையும் பூவுமாகப் படம் காட்டும். தட்டியதெல்லாம் போயிருக்கும்.

"இதுக்கு முக்தியே கிடையாது போல" என்றான் ஒரு சீடன். "செத்துச் செத்துப் பொறக்குது."

கோதண்டம் அதற்குத் திருநீறு பூசிப் பார்த்தார். வேறு பிளக்கில் மாட்டிப் பார்த்தார். கரண்ட்டில்தான் கோளாறு என்று எலெக்ட்ரீஷியன் ஒருவர் சொல்ல, புதிதாக யூபிஎஸ் ஒன்றும் வந்தது. கம்ப்யூட்டர் அதையும் பொருட்படுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் ஐயா" என்றார் கோதண்டம். "செவ்வந்தி ராப்பகலா இதுல எதிர்வாதமாத் தட்டிக்கிட்டிருக்கா. மிஷினுக்கே சூடேறிப்போச்சு."

"நான் தொடாதப்பவும்தானே அணையுது?"

"நீ தொட்ட சூடு அப்பறமா வேலை காட்டுது."

"அப்ப உங்களுக்கு ஜலதோஷம் வந்தாலும் நான்தான் காரணமா?"

"பார்த்தீங்களா ஐயா, பார்த்தீங்களா! ஒரு வார்த்தைக்கு ஒம்போது வார்த்தை!"

மெய்யப்பர் கை தட்டினார். கண்கள் மூடின, திறந்தன. கோதண்டம் அவளைப் பார்த்து இனிமையாகச் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். கன்னம் வலித்தது.

"செவ்வந்தி" என்றார் மெய்யப்பர். "நாளைக்குப் பௌர்ணமி. நீயே இதைச் சரி பண்ணிப் பாரேன்."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். விசிறியில் பஞ்சுமெத்தை மாதிரி தூசி. துடைத்தாள். மாட்டினாள். அணைந்து எழுந்தது. ஒயர்களை எல்லாம் கழற்றி அழுத்திச் செருகினாள். அணைந்து எழுந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த நீலம் கண்ணிமைக்கும் நேரம் தெரிந்து மறைந்தது. அதில் வெள்ளையாக என்னவோ எழுதியிருந்தது. படிப்பதற்குள் மலையும் பூவும் வந்துவிட்டன.

"ஏய், இரு. ஓடாதே" என்றாள் திரையிடம்.

"மிஷினோடயும் சண்டையா?" என்றார் கோதண்டம்.

அவள் காதில் வாங்கவில்லை. கம்ப்யூட்டரின் செட்டிங்ஸுக்குள் துழாவிக்கொண்டே போனாள். எங்கோ அடியில் ஒரு சின்னக் கட்டம். கோளாறு வந்தால் தானாக மறுபடி தொடங்கு என்று அதற்கு அர்த்தம். அதில் ஒரு டிக் இருந்தது.

அவள் அந்த டிக்கை எடுத்தாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் பட்டென்று திரை முழுக்க நீலமானது. இந்தத் தடவை மறையவில்லை. மலை வரவில்லை. பூ வரவில்லை. நீலம் அப்படியே உறைந்து நின்றது.

"ஐயோ, கொன்னுட்டியே!" கோதண்டம் தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்னாடியாவது எழுந்து எழுந்து வந்துச்சு. இப்ப ஒரேயடியாப் போயிடுச்சு!"

சீடர்கள் கூடிவிட்டார்கள். அடுக்களையிலிருந்து வசுமதியும் கரண்டியோடு வந்தாள்.

"போகலண்ணே. இப்பதான் வாயைத் திறந்திருக்கு" என்றாள் செவ்வந்தி. திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். "ரேம்ல கோளாறாம்."

"ரேம்னா?"

"இதோட ஞாபகம். தட்டுறதையெல்லாம் அந்த நேரத்துக்கு அதுலதான் வச்சிருக்கும்."

பெட்டிக்குள் இரண்டு ரேம் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டினாள். மறுபடி நீலம். அதைத் திரும்ப மாட்டி மற்றதைக் கழற்றினாள். ஓடியது. காபி போட்டுக் குடித்து முடிக்கும் வரை ஓடியது. கோதண்டம் ஒரு பக்கம் முழுக்கத் தட்டியும் ஓடியது. கொஞ்சம் மெதுவாகத்தான், ஆனால் அணையாமல்.

மெய்யப்பர் கழற்றிய பட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனை நாளா இது ஏன் சொல்லலை?"

"ஒவ்வொரு தடவையும் சொல்லிச்சு ஐயா. படிக்க விட்டாத்தானே? அதுக்குள்ள எழுப்பி உக்கார வச்சிடுது அந்த டிக்."

"எழுந்திருச்சா நல்லதுதானே?"

"எழுந்தது நல்லாத்தான் இருந்துச்சு. பூவெல்லாம் காட்டிச்சு."

வசுமதி கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டாள்.

செவ்வந்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"நாளைக்குச் சபையில நான் வாசிக்கலாமா?"

கோதண்டம் மேஜையிலிருந்து திரும்பினார். "ஆரம்பிச்சிட்டாடா. ஒரு மிஷினைச் சரி பண்ணிட்டா சபையில ஏறிடலாமா?"

"மிஷினுக்காகக் கேக்கலை. எனக்கு ஆண்டு முடிஞ்சுது. எழுதியும் வச்சிருக்கேன்."

"பொம்பளைங்க வாசிச்சதில்ல இங்க."

"ஏன்?"

"வாசிச்சதில்லன்னா வாசிச்சதில்ல!"

"அது பதிலா அண்ணே? ஏன்னு கேட்டா இல்லைங்கறீங்க. இல்லைன்னா ஏன்னு கேக்கறேன்!"

"ஊர் சிரிக்கும்!"

"சிரிக்கட்டுமே! ஊர் எதுக்கு அதிகமாச் சிரிக்குதுன்னு பார்ப்போம், நாளைக்கு ஒரு நாள் நீங்க சாம்பார் வையுங்க!"

"வாயை அடக்கு!"

இரண்டு குரலும் கூரையைத் தொட்டன. மெய்யப்பரின் கைகள், பழக்கம்தான், ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன.

"முதலிலிருந்து."

கோதண்டம் கண்ணை மூடினார். சீடர்கள் மூடினார்கள். வசுமதி மூடினாள். மெய்யப்பரும் மூடினார்.

கூடம் அமைதியானது. ஏரியில் நாரை கத்தியது கேட்டது.

மெய்யப்பர் சிரிப்போடு கண்ணைத் திறந்தபோது எதிரே செவ்வந்தியின் கண்கள் திறந்தபடி இருந்தன. அவள் சிரிக்கவில்லை.

"மூடலையா?"

"இல்லை ஐயா."

"மறந்துட்டியா?"

"மறக்கலை. மூடமாட்டேன்."

சீடர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி விரிந்த உதட்டோடு நின்றார்கள். குருவிடம் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"குரு சொல்லையே மீறுறா" என்றார் கோதண்டம். குரலில் கோபத்தைவிட நடுக்கம் அதிகம்.

"மூடாம என்னம்மா செய்யப்போறே?" என்றார் மெய்யப்பர்.

"இப்படியே நிப்பேன். என் மூஞ்சில என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிக்கிற வரைக்கும்."

கிளம்பச் சொல்லிவிடுவார் என்றே செவ்வந்தி நினைத்தாள். சொன்னால் போய்விடுவது, ஆனால் சிரித்துக்கொண்டு போவதில்லை என்று பல்லைக் கடித்தாள்.

மெய்யப்பர் அவளைப் பார்த்தார். அவர் யாரையும் அவ்வளவு நேரம் பார்த்து அந்த வீட்டில் எவரும் கண்டதில்லை. பிறகு திரும்பினார்.

"கோதண்டம், பெண்கள் வாசிக்கக் கூடாதுன்னு நான் எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"சொன்னதில்லை ஐயா."

"வாசிக்கலாம்னு?"

"அதுவும் சொன்னதில்லை."

"ஏன் சொல்லலைன்னு கேக்கமாட்டியா?"

கோதண்டம் கேட்கவில்லை. செவ்வந்திதான் கேட்டாள். "ஏன் ஐயா?"

"சொன்னா கோதண்டம் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான்னு பயம்."

கோதண்டம் நிமிர்ந்து பார்த்தார்.

"அவர் போகாம இருக்க நான் அடுக்களைல இருக்கணுமா?"

"இருந்தே. வசுமதியும்தான்."

"அது நியாயமா?"

"இல்லை" என்றார் மெய்யப்பர். "நாளைக்கு நீ வாசிக்கிறே."

வசுமதியின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

கோதண்டம் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. கொடியில் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டார்.

"அப்ப நான் கிளம்பறேன் ஐயா."

எல்லாருடைய பார்வையும் மெய்யப்பரின் கைகளுக்குப் போனது. அவை மடியில் கிடந்தன. எழவில்லை.

கோதண்டம் வாசல்வரை போனார். செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றார். காத்திருந்தார். அவருடைய முதுகு திடீரென்று வயதான முதுகாகத் தெரிந்தது. இந்த ஆளோடு செவ்வந்தி ஓராண்டுக்கு மேலாக மல்லுக்கட்டியிருக்கிறாள். காய்ச்சலில் அவள் கிடந்தபோது டவுனுக்குப் போய் மருந்து வாங்கி வந்ததும் இதே ஆள்தான்.

"அண்ணே, விடுங்க" என்று அவள் வாய் தானாகத் திறந்தது. "பரவாயில்லை, நான் அடுத்த பௌர்ணமிக்கு..."

"செவ்வந்தி" என்றார் மெய்யப்பர்.

அவள் நிறுத்தினாள்.

"உன் கண்ணு மூடுது."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கண்ணை அகலத் திறந்துவைத்தாள். அதில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. துடைக்கவில்லை.

வாசலில் கோதண்டம் இன்னும் திரும்பாமல் நின்றார்.

"நான் போகட்டுமா ஐயா?"

"போகலாம்ப்பா" என்றார் மெய்யப்பர். "ஏன் போறேன்னு முழுசாச் சொல்லிட்டுப் போ. நாங்க கேட்டுக்கிட்டிருக்கோம்."