பாம்புக்குத் தெரியாத அலை

ஊருக்கு வெளிய ஒரு குளமாம். குளத்துக் கரையில நீளமா ஒரு கல்லு. கல்லு மேல வரிசையா தவளைங்க. கேக்குதா, செவ்வந்தி?

"ம்."

நடுவுல உக்காந்திருந்தவ கொர்ரம்மா. அவளோட குட்டி தூரத்துல, இடது பக்கம், ஒரு தாமரை இலை மேல தூங்குது. அப்போ பாத்தா, தண்டு அறுந்து இலை மிதந்து போகுது. எங்க? வலது பக்கம் ஒரு தண்ணிப் பாம்பு தூங்குதே, அங்க!

"கூப்பிட வேண்டியதுதானேப்பா?"

கத்தினா பாம்பும் முழிச்சுக்குமே. அதனால அலை விட்டு இலையை ஆட்டலாம்னு கொர்ரம்மா தனியா தண்ணியை ஒரு உதை உதைச்சா. சளக்! அலை வட்டமா எல்லாப் பக்கமும் பரவி, இலைகிட்ட போறதுக்குள்ள செத்துப்போச்சு.

அப்புறம் எல்லாரும் ஒண்ணா உதைச்சாங்க. சளார்! அலைங்க சேர்ந்து பெருசாச்சு. ஆனா நேரா எதிர்க்கரைக்குப் போயிடுச்சு. அதுலயும், இடது கோடியில இருந்த தொப்பை மாமா லேட். பக்கத்துல, அவரைப் பாத்து உதைக்கிற அத்தையும் லேட்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"ன்னு எல்லாரும் கிசுகிசுன்னு திட்டறாங்க. கொர்ரம்மா மட்டும் தண்ணியையே பாத்தா. நேரா போன அலை, மாமா ஓரத்துல மட்டும் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருந்துச்சு!

"மாமா, இன்னும் லேட் பண்ணுங்க!"

"இப்படி ஒருத்தர் கேட்டு நான் பாத்ததே இல்லம்மா."

அப்புறம் வலது கோடி முதல்ல, அடுத்தது துளி பிந்தி, அதுக்கடுத்தது இன்னும் துளி பிந்தி, மாமா கடைசி. சளக்-சளக்-சளக், விடாம ஒரே தாளம். இடது பக்கம் மேட்டோட மேடு சேர்ந்து அலை எழும்புச்சு. பாம்பு பக்கம்? ஒருத்தரோட மேடு இன்னொருத்தரோட பள்ளத்துல விழுந்து, தண்ணி அப்படியே கெடந்துச்சு.

"யாருமே திரும்பலையே, அலை மட்டும் எப்படித் திரும்புச்சு?"

பிந்துற நேரம்தான் திருப்புது. உங்கம்மா வேலை பாக்கிற இடத்துல ஒரு ராடார் பலகை நிக்குதே, அது தலையைத் திருப்புதா? அதுக்குள்ள வரிசையா குட்டிக் குட்டி ஆன்டெனா. ஒண்ணுக்கொண்ணு துளி பிந்தி அலை விடும். எந்தப் பக்கம் அலை சேருதோ, அந்தப் பக்கம்தான் அது பாக்குது.

"அய்யோ, இலை போயிட்டே இருக்குப்பா!"

ஆமால்ல! இடது பக்கத்துல இருந்து நடுவுக்கு வந்துடுச்சே! "பிந்துறதைக் குறைங்க... இன்னும் குறைங்க!"ன்னா கொர்ரம்மா. இலை நகர நகர அலையும் கூடவே நகர்ந்துச்சு. இலை தடக் தடக்னு ஆடுச்சு. குட்டி கண்ணைத் திறந்துச்சு. பாம்பைப் பாத்துச்சு. வாயே திறக்கல. நைசா தண்ணிக்குள்ள வழுக்கி, நீந்தி நீந்தி வந்து, அம்மா முதுகுல ஏறிக்கிச்சு.

"பாம்பு?"

அது இன்னும் தூங்குது. கதை கரையேறியாச்சு. நீயும் தூங்கு.