‘எது வரும்வரை?’ என்று கேட்கும் வழக்கம் வந்த கதை

அந்தக் காலத்தில் சோதனை நிரல்கள் கடிகாரத்தை நம்பி ஓடின. அந்தக் காலம் என்றால் ராஜா காலம் இல்லை. நாகர்கோவிலில் ஒரு மாடியில் நடந்துவந்த சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு அதுதான் ஆதிகாலம். டயாலிசிஸ் மையங்களுக்கு முன்பதிவு செய்யும் இணையதளத்தை அவர்கள் உருவாக்கிப் பராமரித்துவந்தார்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் போனிலேயே நாளும் நேரமும் பார்த்து, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் இடம் பிடித்துவிடலாம்.

தளத்தில் எதை மாற்றினாலும் வெளியிடும் முன் சோதனை நிரலை ஓட்டுவார்கள். அது மனிதரைப் போலவே தளத்தைத் திறக்கும், பெயர் எழுதும், நேரத்தைத் தேர்ந்தெடுக்கும், பட்டனை அழுத்தும். பிறகு, வரவேண்டியது வந்ததா என்று பார்க்கும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. ஆனால் நிரலின் வேகத்துக்கு இணையப் பக்கம் ஈடுகொடுக்காது. சர்வரிடமிருந்து பதில் வந்து சேர்வதற்குள் நிரல் பார்த்து முடித்துவிடும். அதனால் பட்டனுக்கு அடுத்த வரியில் ‘ஐந்து நொடி தூங்கு’ என்று எழுதிவைத்தார்கள். நிரல் தூங்கி எழுந்து பார்க்கும்.

அதிலும் ஒரு சோதனை மட்டும் அடங்கவில்லை. ஒரே மெஷினுக்கு, ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் முயன்றால் ஒருவருக்கு ‘உறுதி’ என்றும் மற்றவருக்கு ‘இடம் இல்லை’ என்றும் வரவேண்டும். சர்வர் மெதுவாக இருந்த நாளில் இருவருக்குமே ‘உறுதி’ என்று காட்டிச் சிவப்பாகிவிடும்.

“திரும்ப ஓட்டு, பச்சை வந்திரும்” என்பார் குழுத் தலைவர் தாணுமூர்த்தி. ஓட்டினால் வரவும் செய்யும். அப்புறம் யார் சிவப்பை நம்புவார்கள்?

அந்தச் சோதனைகளைக் கவனித்துக்கொண்டவள் ஷைலின். பிடித்ததை விடாதவள் என்று அலுவலகத்தில் பெயர். ஒருநாள் சலித்துப்போய், ஐந்து நொடியைப் பத்தாக்கினாள். சிவப்பு அடியோடு நின்றது. தாணுமூர்த்தி எல்லோருக்கும் பழச்சாறு வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் கடலோரத்து மையம் ஒன்றிலிருந்து புகார் வந்தது. இடம் கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டு, பதிவே இல்லாதவர்கள் வருகிறார்களாம்.

“அவங்களுக்குப் பார்க்கத் தெரியல. நீ போய்ச் சொல்லிக்கொடுத்திட்டு வா” என்று தாணுமூர்த்தி அவளை அனுப்பினார்.

மையத்தில் சூசையம்மாள் என்பவள் கட்டிலில் படுத்திருந்தாள். கையிலிருந்து இரண்டு குழாய்கள் மெஷினுக்குப் போயின. கால்கள் வீங்கிப் பளபளத்தன. போன வாரம் உறுதி என்று நம்பி வந்தவளை, மெஷின் இல்லையென்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையில் அவளால் மூச்சுவிட முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துத்தான் பிழைக்கவைத்தார்கள்.

“நீதான் அந்தக் கம்ப்யூட்டர் பிள்ளையா?” என்றாள் சூசையம்மாள். “எனக்க கண்ணால பாத்தேன் மக்ளே. ‘உறுதி’ன்னு போட்டிருந்து. பாத்தேன், போனை வச்சேன், சோறு பொங்கப் போனேன். நான் பொய் சொல்லுவேனா?”

“இல்லம்மா” என்றாள் ஷைலின். சொல்லிக்கொடுக்க வந்தவள் எதையும் சொல்லிக்கொடுக்காமலே கிளம்பினாள்.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பேச்சே மனதில் ஓடியது. பார்த்தாள், போனை வைத்தாள். பத்து நொடி யார் காத்திருப்பார்கள்?

அலுவலகம் வந்ததும் இணைய வேகத்தை வேண்டுமென்றே குறைத்துவைத்து, இன்னொரு போனில் ஏற்கெனவே பிடித்துவைத்த இடத்துக்கே தானும் முன்பதிவு செய்து பார்த்தாள். பட்டனை அழுத்திய கணமே ‘உறுதி’ என்று வந்துவிட்டது. பக்கம் சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை. மூலையில் சின்ன வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து வட்டம் நின்றது. சத்தமே இல்லாமல் ‘உறுதி’ போய் ‘இடம் இல்லை’ வந்தது.

ஷைலினுக்குப் புரிந்தது. பக்கம் பொய் சொன்ன நேரம் முழுக்க நிரல் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சர்வர் மெதுவான நாளில் மட்டும், பதிலுக்கு முன்பே விழித்து அந்தப் பொய்யைப் பார்த்துச் சிவப்பு காட்டியிருக்கிறது. அதையும் அவள்தான் இன்னும் ஐந்து நொடி தூங்கச் சொல்லிவிட்டாள்.

சோதனைகளைத் திறந்து, தூங்கச் சொன்ன வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்த இடத்திலெல்லாம், எதற்குக் காத்திருக்கவேண்டும் என்று எழுதினாள். பெயர்ப் பெட்டி வரும்வரை. பட்டன் அழுத்தத் தயாராகும்வரை. திரையில் பதில் தெரியும்வரை, தெரிந்த கணமே விழித்துப் பார். ஒரு எல்லைக்குள் அது வராவிட்டால், எது வரவில்லை என்று சொல்லிவிட்டு நில். மறுநாள் காலைவரை அந்த வேலை இழுத்தது.

ஓட்டினாள். சிவப்பு. மறுபடி ஓட்டினாள். சிவப்பு. சர்வர் வேகமாக இருந்தபோதும் சிவப்புதான். வந்த கணமே பார்த்ததால், பக்கம் சொன்ன பொய் ஒவ்வொரு முறையும் பிடிபட்டது.

தாணுமூர்த்தி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “என்ன பிள்ளே செய்து வச்சிருக்க? இன்னைக்கு மத்தியானம் புது மையங்களைச் சேர்த்து வெளியிடணும். பழையபடி மாத்து. இதை அடுத்த மாசம் பார்ப்போம்.”

“மாத்த மாட்டேன் அண்ணே.”

“நெட் மெதுவா இருந்தா யாருக்குமே அப்படித்தான் இருக்கும்.”

“சூசையம்மாவுக்கு அப்படித்தான் இருந்துது. உயிர் போகப் பார்த்துது.” சொல்லிக்கொண்டே ஷைலின், தான் மாற்றிய சோதனைகள் அத்தனையையும், எல்லோரும் பயன்படுத்தும் பொதுத் தொகுப்பில் ஏற்றிவிட்டாள். சுவரில் இருந்த பெரிய திரை சிவந்தது. சோதனை சிவப்பாக இருக்கும்வரை தளத்தை வெளியிடும் பொத்தான் வேலை செய்யாது. அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“நான் பழசைத் திருப்பிப் போட்டா?” என்றார் தாணுமூர்த்தி. கோபம் முகத்தில் ஏறியிருந்தது.

“போடலாம் அண்ணே. உங்களுக்கு அதிகாரம் இருக்கு. அதுக்கு முன்னால இதை ஒரு தடவை உங்க கையாலே அழுத்திப் பாருங்க.”

வேகத்தைக் குறைத்துவைத்த பக்கத்தை அவர் முன் நகர்த்தினாள். அவர் அழுத்தினார். ‘உறுதி’ வந்தது. வட்டம் சுற்றியது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘இடம் இல்லை’ வந்தபோது கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

போன் அடித்தது. மையங்களை நடத்துகிறவர்கள். தாணுமூர்த்தி எடுத்தார்.

“இன்னைக்கு வெளியிட முடியாது சார். தப்பு எங்ககிட்டதான். மையங்கள்ல இப்போ போன்லயே பேசி உறுதிப்படுத்தச் சொல்லுங்க... எவ்வளவு நேரம் ஆகுமா?” அவர் ஷைலினைப் பார்த்தார். “நேரம் சொல்ல மாட்டேன் சார். சர்வர்ல இடம் பதிஞ்ச பிறகுதான் ‘உறுதி’ன்னு காட்டணும். அது நடக்கிற வரைக்கும் வெளியே விடமாட்டோம்.”

மறுமுனையில் கடுமையான பேச்சு கேட்டது. அவர் வாங்கிக்கொண்டார். போனை வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார். “எங்க இருக்கு அந்தப் பொய் சொல்ற வரி? காட்டு” என்றார்.

இருவரும் சேர்ந்து அதை மாற்றினார்கள். இப்போது பட்டனை அழுத்தினால் ‘காத்திருங்கள், இன்னும் உறுதியாகவில்லை’ என்று வந்தது. சர்வர் பதில் சொன்ன பிறகே ‘உறுதி’யோ ‘இடம் இல்லை’யோ வந்தது. சோதனைகளை ஓட்டினார்கள். தூக்கம் இல்லாததால் முன்பைவிடச் சீக்கிரமாகவே ஓடி முடிந்தன. பச்சை. இந்த முறை, சர்வரை மெதுவாக்கிப் பார்த்தும் பச்சை மாறவில்லை. யாரும் பழச்சாறு வாங்கவில்லை. ஷைலின் மட்டும் மையத்துக்குப் போன்போட்டுச் சூசையம்மாளின் அடுத்த முறைக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

அன்று தொடங்கித்தான் அந்த அலுவலகத்தில் சிவப்பைப் பார்த்தவர்கள், காரணம் தெரியாமல் திரும்ப ஓட்டுவதில்லை. புதிதாகச் சோதனை எழுத உட்காருகிறவர்களிடம் ‘எவ்வளவு நேரம்?’ என்று கேட்காமல், ‘எது வரும்வரை?’ என்று கேட்கிறார்கள்.