கயிற்றுக் கோடு

மேலத்துறைக்கும் கீழத்துறைக்கும் கால்பந்து இறுதி ஆட்டம். நடுவர் வினிஸ்டன். அவன் விசில் பிடித்த முதல் இறுதி ஆட்டம் அது. அவனுக்கு நடுவர் வேலையைக் கற்றுக்கொடுத்த ததேயூஸ் மாஸ்டர், கோல் கம்பத்துக்குப் பின்னால் கவிழ்த்துப்போட்ட மீன்கூடையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

கடற்கரை மணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது. அதனால் அந்த ஊர்களில் கோல் கோட்டுக்கு வலைக்கயிறுதான். ஒரு கம்பத்தின் அடியிலிருந்து மறு கம்பத்தின் அடிவரை மணலோடு படுத்துக் கிடக்கும்.

முதல் பாதியில் மேலத்துறைக்காரன் அடித்த பந்தைக் கீழத்துறை கோல்கீப்பர் பாய்ந்து தடுத்தான். பாய்ந்த வேகத்தில் அவன் முழங்கால் கயிற்றை முன்னுக்கு இழுத்துவிட்டது. வினிஸ்டன் ஓடி வந்தபோது பந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

விசில் ஊதினான். கோல். பந்தை நடுவில் வைத்து ஆட்டம் தொடர்ந்தது.

இடைவேளையில் கீழத்துறைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“லேய் வினிஸ்டன், அது கண்ணா, கருவாட்டுக் கண்ணா?”

“உனக்கு மேலத்துறையில பொண்ணு பாக்காவளா?”

அவர்களை விலக்கிக்கொண்டு வினிஸ்டன் மாஸ்டரிடம் வந்தான்.

“மாஸ்டர், அது கோலா?”

“நீதானே ஊதின?”

“ஊதிட்டேன். பந்து கயித்தைத் தாண்டிச்சா, கயிறு பந்தைத் தாண்டிச்சான்னு இப்ப குழப்பமா இருக்கு.”

“ம்.”

“ஆட்டம் மறுபடி தொடங்கிட்டா முடிவை மாத்தக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க?”

“ஆமா.”

வினிஸ்டன் குரலைத் தாழ்த்தினான்.

“அடுத்த பாதியில கீழத்துறைக்கு ஒரு பெனால்டி குடுத்துட்டா நேராயிரும்லா?”

மாஸ்டர் எழுந்து போய், பந்தைக் கயிற்றுக்கு முன்னால் வைத்தார்.

“கோலா?”

“இல்ல.”

கால்விரலால் கயிற்றை முன்னுக்கு இழுத்தார்.

“இப்போ?”

“கோல்.”

கயிற்றைப் பின்னுக்குத் தள்ளினார்.

“இப்போ?”

“இல்ல.”

மறுபடியும் இழுத்தார்.

“இப்போ?”

“மாஸ்டர், நீங்க கயித்தை நகர்த்திக்கிட்டே இருந்தா நான் எதைச் சொல்லுவேன்?”

“போ, நேரமாச்சு” என்றார் மாஸ்டர். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு மீன்கூடையில் போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது மாஸ்டருக்கு முன்னால் இருந்த கோலை மேலத்துறை காத்தது. ஆட்டம் முடியப்போகும் நேரம். கீழத்துறைக்காரன் தூக்கி அடித்த பந்து கோலை நோக்கி வந்தது. குறுக்கே நின்ற மேலத்துறைக்காரன் தலைக்கு மேல் கையை உயர்த்தினான். பந்து கையில் பட்டுத் தெறித்தது.

வினிஸ்டன் ஊதினான். பெனால்டி. கீழத்துறை கோல் அடித்தது.

இப்போது மேலத்துறைக்காரர்கள் கத்தினார்கள்.

“எடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டாம்ல!”

ஆட்டம் சமனில் முடிந்தது. கோப்பை ஊருக்கு ஆறு மாதம் இருக்கட்டும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். இரண்டு ஊரும் வினிஸ்டனைத் திட்டிக்கொண்டே கலைந்தன.

அவன் மாஸ்டரின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தான்.

“கை பட்டது நிஜம்தானே மாஸ்டர்?”

“நிஜம். என் கண்ணு முன்னால பட்டுச்சு.”

“வேணும்னுதானே தூக்கினான்?”

“வேணும்னுதான்.”

“அப்போ நான் ஊதினது சரிதானே?”

“சட்டப்படி சரி.”

“பின்ன ஏன் எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு?”

மாஸ்டர் எழுந்து கைலியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

“பந்து அவன் கையில படுறதுக்கு முன்னாலேயே விசில் உன் வாயில இருந்துச்சே மக்கா.”