கொலுமண்டபத்துத் தேக்குத் தரை

அண்டை நாட்டு அரண்மனைக்கு விருந்துக்குப் போன எந்த அரசரும் நிம்மதியோடு திரும்பியதில்லை. கொன்றையூர் அரசர் மருதவேல் பூபதியும் அப்படித்தான். அங்கே கொலுமண்டபத்தில் மரத்தால் தரை போட்டிருந்தார்கள். ஊர் திரும்பியதும் தம் மண்டபத்தின் கருங்கல் தரையைப் பார்த்தார். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து யாரும் ஒரு குறை சொல்லாத தரை. அன்றைக்கு அது அவர் கண்ணுக்கு மாட்டுக்கொட்டகையாகத் தெரிந்தது.

"நமக்கும் மரத்தரை வேண்டும். அவன் போட்டதைவிட உயர்ந்த மரத்தில்" என்றார்.

முதலமைச்சர் முன்னால் வந்தார். அவர் பெயர் வணங்காமுடி. பெற்றோர் வைத்த பெயர். அவரைக் கேட்டு வைத்ததல்ல. அரசர் தும்மினால்கூட நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டுத்தான் எழுவார். விழுந்த பின் அப்படியே ஒரு சாண் முன்னால் ஊர்ந்து, அரசரின் பாதத்தருகே தலையைக் கொண்டுபோய் வைப்பது அவருக்கே உரிய பாணி. அந்தப் பக்தியை மெச்சி அரசர் மார்பில் அணிவித்த தங்க நட்சத்திரப் பதக்கத்தை அவர் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்பார்கள்.

"மலைத்தேக்கு, அரசே. அதற்கு மேல் மரமில்லை" என்றார்.

மறுநாளே பலகை மாதிரியோடு ஒரு வணிகர் வந்தார். அவர் தம் மைத்துனராக இருப்பது முழுக்கத் தற்செயல் என்று அமைச்சரே விளக்கினார். பட்டு விரித்த தாம்பாளத்தில் பலகை சபையைச் சுற்றி வந்தது. ஒருவர் முகர்ந்தார். ஒருவர் நகை வாங்குவதுபோல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "ரேகையைப் பாருங்கள், புலியின் மேனி மாதிரி" என்றார், புலியைச் சித்திரத்தில் பார்த்திருந்த இன்னொருவர். மிதிக்க வேண்டிய பொருளை ஒருவரும் மிதித்துப் பார்க்கவில்லை.

கவிராயர் ஆதிமூலம் மட்டும் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "குறுக்கே ஓர் அறுப்பு அறுத்துப் பார்க்கலாமே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்."

"அரசருக்குத் தாம்பாளத்தில் வந்ததை அறுப்பதா? அபசகுனம் அல்லவா, கவிராயரே" என்றார் அமைச்சர்.

சபை அதை ஒப்புக்கொண்டது. அப்படியானால் தாம்பாளத்தில் வரும் பலாப்பழத்தை இத்தனை நாளும் எந்தச் சகுனத்தில் அறுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

தரை போட்டாயிற்று. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. உடனே அமைச்சர் ஓர் ஆணைக்கு முத்திரை வாங்கினார்: தரையில் கீறல் போடுபவர் யாராயினும் அன்று மாலைக்குள் நாடு கடத்தப்படுவார். காவலர்கள் ஈட்டியின் அடியில் துணி சுற்றிக்கொண்டார்கள். சபையோர் நகம் வெட்டிக்கொண்டார்கள்.

ஒரு மாதம் போனது. சிம்மாசனத்துக்கு முன்னால் கீறல்கள் தெரிந்தன. ஒன்றல்ல; கோழி கிளறியதுபோலக் கொத்துக் கொத்தாக.

"அரசே, யார் மேலும் பழி சொல்ல எனக்கு மனம் வராது" என்று தொடங்கினார் அமைச்சர். "ஆனால் இந்தச் சபையில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி ஒருவரிடம்தான் இருக்கிறது."

எல்லோரும் கவிராயரைப் பார்த்தார்கள். அரசருக்கும் சங்கடம். முத்திரை போட்ட ஆணையாயிற்றே.

"கவிராயரே, என்ன சொல்கிறீர்?"

"போகச் சொன்னால் போகிறேன், அரசே. தள்ளாத வயதில் எந்த ஊர் சோறு போடும் என்றுதான் தெரியவில்லை. போகுமுன் ஓர் ஆசை. முட்டிவலி என்பதால் எனக்குக் கைகூப்ப மட்டும் அனுமதி தந்திருந்தீர்கள். கடைசியாக ஒருமுறை முறைப்படி விழுந்து வணங்கிவிட்டுப் போகிறேன். எனக்குத்தான் பழக்கமில்லை. அமைச்சர் ஒருமுறை செய்து காட்டினால் பார்த்துக் கற்றுக்கொள்வேன்."

வணங்காமுடிக்கு இதைவிடப் பெரிய கௌரவம் ஏது? அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டினார். விழுந்தார். ஒரு சாண் ஊர்ந்தார்.

கிறீச்.

"ஆகா" என்றார் கவிராயர். "அந்த ஊர்கிற இடம் மட்டும் பிடிபடவில்லை. இன்னொருமுறை, சற்று நிதானமாக."

மீண்டும் விழுந்தார். மீண்டும் ஊர்ந்தார். இம்முறை கிறீச் என்ற ஓசை வாயிற்காவலன் வரைக்கும் கேட்டது. அவர் எழுந்தபோது பதக்கத்தின் கூர்முனையில் மரச்சீவல் ஒன்று சுருண்டு தொங்கியது.

அரசர் இறங்கி வந்து குனிந்தார். "தேக்குக்குள் ஏன் வெளுப்பாக இருக்கிறது?"

காவலன் ஈட்டியால் நெம்பினான். மேலே வெங்காயத் தோல் கனத்துக்குத் தேக்கு. அடியில் முழுக்க மாம்பலகை. நடுவில் பசை.

அமைச்சர் அரசரின் காலில் விழுந்தார். "அரசே, கீறியது அறியாப் பிழை. பலகை விஷயமோ சத்தியமாக எனக்குத் தெரியாது. மைத்துனன் என்னையும் ஏமாற்றிவிட்டான். தேக்கு எது, மா எது என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அரசரின் முகம் இளகியது. காலில் விழுகிறவனை நம்புவது அரசர்களின் பரம்பரை நோய்.

கவிராயர் இருமினார். "இருக்கலாம், அரசே. ஆனால் இந்த நாட்டில் அந்தத் தரையோடு மூக்கை வைத்து ஊர்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். அதுவும் தினம் பத்துத் தடவை. அவருக்கே தெரியவில்லை என்றால், நின்றே கைகூப்பும் நான் என்ன கண்டேன்?"

அரசர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அமைச்சரும் கூடச் சிரித்துப் பார்த்தார், பலிக்கவில்லை. அவர் எழுதிய ஆணையே அன்று மாலை அவரை எல்லை கடத்தியது; பலகை விற்ற மைத்துனரையும் அரசர் கூடவே அனுப்பிவைத்தார்.

"உமக்கு என்ன வேண்டும், கவிராயரே?"

"இனி இந்தச் சபையில் யாரும் விழ வேண்டாம், அரசே. நின்றே வணங்கட்டும்."

"அப்படியே ஆகட்டும். இன்றே ஆணை" என்றார் அரசர்.

அந்தப் பெருங்கருணைக்கு நன்றி சொல்ல, சபையோர் அத்தனை பேரும் நெடுஞ்சாண்கிடையாக அரசர் காலில் விழுந்தார்கள்.