துணிகளை மடியில் வைத்துக்கொண்ட சொல்

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த ஜெனிட்டா, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கேட்டதாகச் சொன்னாள். அவளுக்கே பாதி மறந்திருந்தது. நான் சரியாகச் சொல்கிறேனா என்று பயமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மனிதர்கள் சொற்களைப் பேசவில்லை. சொற்களே தமக்குள் பேசிக்கொண்டன. இங்கிலீஷ் சொற்களின் ஊரில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரே ஒரு நாற்காலி. அதில் பெயர்கள் மட்டும்தான் உட்காரலாம். வினைகள் பின்னால் நிற்க வேண்டும். பேச்செல்லாம் நாற்காலியில் இருப்பவரைப் பற்றித்தான்.

வாஷ் ஒரு வினை. துவைப்பது அவள் வேலை. துணிகளான க்ளோத்ஸ் அவளுடைய பிள்ளைகள் மாதிரி. 'அவள்' என்று பொருள்படும் ஷீ அவளுடைய தோழி. ஷீ நாற்காலியில் இருப்பாள், வாஷ் அவள் கையைப் பிடித்தபடி பின்னால் நிற்பாள். 'அவள் துணி துவைக்கிறாள்' என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடும்.

ஒரு நாள் ஷீ தன் கைகளை விரித்துக் காட்டினாள். சோடாக்காரம் தின்று விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

"துவைக்கிறேன்னு மட்டும் தெரியுதுடி. அது எவ்வளவு கஷ்டம்னு ஒருத்தரும் பேசல. நீ போய் உட்காரு. வேலையைப் பத்திப் பேசினா, என் கையும் கண்ணுல படும்."

இருவரும் வாசலுக்குப் போனார்கள். பெயர்களுக்கு முன்னால் நடந்து வழிகாட்டும் 'தி' அங்கே காவல் நின்றான்.

"வேலைக்காரிக்கு நாற்காலி கேக்குதோ?"

"ஒரு தடவை உட்கார்ந்தா தேய்ஞ்சா போயிடும், அண்ணே?" என்றாள் வாஷ்.

தி சிரிக்கவில்லை. "உட்காரலாம். நேத்து, இன்னிக்கு, நாளைக்குன்னு கையில போட்டிருக்கியே, அந்த வளையலையெல்லாம் கழட்டு. முதுகுல 'இங்'னு முத்திரை குத்துவோம். அந்தப் பிள்ளைங்களையும் இறக்கிவிடு."

வாஷ் வளையல்களைக் கழற்றினாள். முத்திரைக்கு முதுகைக் காட்டினாள். பிள்ளைகளை மட்டும் இறுக்கிக்கொண்டாள். "இதுங்க இல்லாம நான் எதைத் துவைக்கிறது?"

"சரி, மடியில வெச்சுக்க. மடியில இருக்கிறதை நாங்க எண்ண மாட்டோம். நீ ஒரே ஆள்தான். பிள்ளைங்களோட போனா நான் முன்னால வர மாட்டேன், சொல்லிட்டேன்." பிறகு ஷீயைப் பார்த்தான். "இவ கையை விடு. நாற்காலி ஒருத்தருக்குத்தான்."

வாஷ் தோழியைப் பார்த்தாள்.

"விடு," என்றாள் ஷீ. "எனக்காகத்தானே போறே."

வாஷ் கையை விட்டாள்.

உள்ளே அவள் உட்கார்ந்ததும் ஊர் கூடிச் சொன்னது: 'வாஷிங் க்ளோத்ஸ் இஸ் ஹார்ட்.' துணி துவைப்பது கடினம். எல்லோரும் தலையாட்டினார்கள். "ஆமாம், பாவம், கடினம்தான்" என்றார்கள். யார் துவைப்பது என்று யாராவது கேட்பார்கள் என அவள் காத்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. தானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். எப்போது என்று சொல்ல வளையல் இல்லை. யார் என்று சொல்லத் தோழி இல்லை.

வெளியே ஷீ மூடிய கதவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள்.

"உள்ள வரணும்னா ஹெர் ஆகி வா," என்றான் தி. "'அவளுடைய'ன்னு ஓரமா ஒட்டிக்கலாம். அதுவும் தேவைப்பட்டாத்தான்."

பெரும்பாலும் தேவைப்படவில்லை.

அன்று முதல்தான், 'வாஷிங் க்ளோத்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்தில் எத்தனை துணிகள் இருந்தாலும் 'இஸ்' என்று ஒருமையே வருகிறது, துவைத்தவள் வருவதில்லை.

வேலைத் தேர்வில் இதே வாக்கியம் வந்தபோது, நான் பன்மைக்கான 'ஆர்' என்று எழுதியிருந்தேன். துணிகளை எண்ணிவிட்டேன். பிறகு புத்தகத்தில் பார்த்தேன், 'இஸ்'தான் சரி. இது ஆங்கிலத்தில் மட்டும்தானா என்று தமிழ் இலக்கணத்தையும் புரட்டினேன். 'துவைத்தல்' என்பது தொழிற்பெயர். காலம் காட்டாது. படர்க்கையில் மட்டுமே வரும்.

அதே தேர்வின் விண்ணப்பத்தில், 'தாயின் தொழில்' என்ற கட்டத்தில், நான் எழுதியிருந்தது: துணி துவைத்தல்.