மைக்கைப் பிடித்த தலைவர்

வியாசர்பாடி மைதானத்தில் கால்பந்து அரையிறுதி ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வேலியோரம் ரசிகர்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டிருந்தார்கள். "அஞ்சு பேரை பேக்குல நிறுத்தினா கோல் யாரு போடுவா?" என்று தற்காலிகக் கோச் ஆரோக்கியத்தை எல்லோரையும்விட உரக்கத் திட்டியவள் தையல்காரி கஸ்தூரி.

அப்போது கிளப் தலைவர் தணிகாசலம் வந்தார்.

"எங்க அக்கா பையன் நிதின்தான் இன்னிக்கு ஸ்டிரைக்கர். முடியாதுன்னா இப்பவே கிளம்புய்யா" என்றார் கோச்சிடம்.

நிதின் பயிற்சிக்கே வராத பையன். ஆரோக்கியத்துக்கு முகம் செத்துப்போனது.

கஸ்தூரி முன்னால் வந்தாள்.

"தலைவரே, ஜெயிச்சா பேரு உங்களுக்குத்தானே வரணும்? 'டீமை நான்தான் எடுத்தேன்'னு மைக்குல நீங்களே சொல்லிடுங்க."

தலைவர் மலர்ந்துபோய், வேலியோரம் இருந்த அறிவிப்பு மைக்கைப் பிடித்தார். மைதானமே அவரைப் பார்த்தது.

"தோத்தாலும் நீங்கதானே தலைவரே?" என்று கஸ்தூரி பணிவாகக் கேட்டாள். அது மைக்கிலும் கேட்டது.

தலைவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.

"டீம் எடுக்கறது... கோச்சோட பொறுப்பு. அதுல நான் தலையிட மாட்டேன்."

நிதின் பெஞ்சில் உட்கார்ந்தான். ஆரோக்கியத்தின் அணி, தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து பேரோடு களத்தில் இறங்கியது.

"நீதானே கோச்சைக் கரிச்சுக் கொட்டின? அப்புறம் ஏன் காப்பாத்தின?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான்.

"தோத்தா அவரைத் திட்டணும்ல? டீமை அவரே எடுத்திருந்தாத்தானே அது நியாயம்?" என்றாள் கஸ்தூரி.